சர்டிபிகேட் கேட்டு வந்தவர்: தலைக்காயத்துக்குப் பின் ஒரு காதின் கேள்விக்குறைவு

ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. வெளியே பெஞ்சில் முப்பது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே வந்தவருக்கு 36 வயது, ஊர் உசிலம்பட்டிப் பக்கம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் பங்கு வைத்திருப்பவர். கூட வந்த மச்சான்தான் பேசினார்.

"டாக்டரம்மா, இவருக்கு இடது காது போச்சு. நரம்பு செத்துருச்சுன்னு சொல்லிட்டாங்க. கோர்ட்டுல கேஸ் ஓடுது. காது கேக்கலைன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கியாரச் சொன்னாரு வக்கீல். அம்புட்டுதேன்."

மேசை மீது ஒரு மஞ்சள் பையை வைத்தார். உள்ளே டிஸ்சார்ஜ் அட்டை, மூளை ஸ்கேன் படங்கள், ஓர் ஆடியோகிராம் தாள் (கேள்விச் சோதனையின் வரைபடம்), எஃப்.ஐ.ஆர். நகல். வைத்தியம் வேண்டும் என்று இருவரில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் அன்று இருந்த அவசரத்தில் பழைய தாளைப் பார்த்து நாலு வரி எழுதிக் கொடுத்திருப்பேன். பேனாவைக் கூட எடுத்துவிட்டேன். ஆடியோகிராம் தாளைத் திருப்பியபோது அதில் ஒரு கோடு குறைந்தது. அந்த ஒரு கோடு இல்லாமல் போனதைப் பற்றித்தான் இந்த ஆய்வு. அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நடந்தது

ஏழு மாதம் முன்பு, கார்த்திகை முகூர்த்த நாள் ஒன்றின் அதிகாலை. ஊரில் சேர்த்த மல்லிகைச் சாக்குகளை வண்டியில் கட்டிக்கொண்டு நாலு மணி வாக்கில் மதுரைக்குக் கிளம்பியிருக்கிறார். செக்கானூரணி தாண்டியதும் பின்னால் வந்த சரக்கு வேன் ஒன்று உரசியதில் இடது பக்கமாகச் சாய்ந்து தலை தார்ச்சாலையில் மோதியது. ஹெல்மெட் இருந்தது, ஆனால் தலையில் இல்லை, கண்ணாடிக் கம்பியில் தொங்கியது. "அதைப் போட்டா பின்னாடி வர்ற ஹாரன் கேக்க மாட்டேங்குதுங்க" என்றார். இந்த விளக்கத்தை மதுரையில் நான் கேட்காத வாரம் இல்லை.

பத்து நிமிடம் போல நினைவில்லை. 108 வந்தது. இடது காதிலிருந்து ரத்தம் வடிந்தது. காதுக்குப் பின்னால் இரண்டாம் நாள் கருநீலமாகக் கன்றிப் போனதாக மனைவி சொன்னதை மச்சான் நினைவுபடுத்தினார். கபாலத்தின் அடிப்பகுதி விரிசல் விட்டால் இப்படிக் கன்றும். பேட்டில் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் பெயரால் இந்த அடையாளத்தை அழைக்கிறோம். மூளை ஸ்கேனில் இடது பக்கம் சிறு ரத்தக் கன்றலும், காதைச் சுற்றியுள்ள பொட்டெலும்பில் ஒரு விரிசலும் தெரிந்தன. தலையில் அறுவை தேவைப்படவில்லை. முகம் கோணவில்லை. காதிலிருந்து தண்ணீர் போல எதுவும் ஒழுகவில்லை. ஆறு நாளில் வீடு.

காது கேட்கவில்லை என்பதை மூன்றாம் நாளே சொல்லியிருக்கிறார். "உயிர் பிழைச்சதே பெருசு, காது அப்புறம் பாத்துக்கலாம்" என்று பதில் கிடைத்தது. அதில் தப்பு இல்லை. மூளைக்குள் ரத்தம் இருக்கும்போது காதைச் சோதிக்கிற இசைக்கவையை (டியூனிங் ஃபோர்க்) யாரும் எடுத்து வர மாட்டார்கள், வரவும் வேண்டாம். ஆனால் அந்த 'அப்புறம்' எப்போது என்று டிஸ்சார்ஜ் அட்டையில் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

வீட்டில் அம்மா பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை மூன்று நாள் காதில் விட்டிருக்கிறார். நம் ஊரில் காது என்றால் முதலில் கை போவது எண்ணெய்க் கிண்ணத்துக்குத்தான். செவிப்பறை கிழிந்து, மேலே எலும்பும் விரிசல் விட்டிருக்கிற காதில் எதை ஊற்றினாலும் அது நடுக்காதுக்குள் போகும். கிருமியும் கூடவே போகும், விரிசல் வழியாக மூளையுறை வரை போக அதற்குப் பாதை திறந்திருக்கிறது. இவருக்குச் சீழும் பூஞ்சையும் பிடித்ததோடு போயிற்று. பக்கத்து டாக்டர் ஒருவர் சுத்தம் செய்து மருந்து கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து ஓரிடத்தில் கேள்விச் சோதனை செய்தார்கள். தாளைப் பார்த்துவிட்டு, தலையில் அடிபட்டு நரம்பு போய்விட்டது, இதற்கு மருந்து கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவரும் நம்பிவிட்டார்.

அவர் வாயால்

மச்சானை வெளியே டீ குடிக்க அனுப்பிய பிறகுதான் இவர் பேசினார். காது கேட்காதவரோடு வருகிறவர்கள் பாசத்தில் எல்லாக் கேள்விக்கும் தாங்களே பதில் சொல்லிவிடுவார்கள். விவரம் அங்கேயே நின்றுவிடும்.

பூ மார்க்கெட்டில் இவர் வேலை இப்படி: இடது தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொள்வார், வலது கையால் சிட்டை எழுதுவார். எதிரே வியாபாரி விலை கேட்பார், போனில் இன்னொருவர் கேட்பார். இப்போது இடது காதில் போனை வைத்தால் ஒன்றுமில்லை. வலது காதில் வைத்தால் எதிரே நிற்கிறவர் குரல் காணாமல் போகிறது. "எழுநூறுன்னாரா எண்ணூறுன்னாரான்னு தெரியாமப் போட்டுர்றேன். பத்து கிலோவுல ஆயிரம் ரூவா போச்சு." ரோட்டில் ஹாரன் அடித்தால் எங்கிட்டிருந்து வருகிறது என்று பிடிபடுவதில்லை. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதுக்கும் இடையே உள்ள நேர வித்தியாசத்தையும் உரப்பு வித்தியாசத்தையும் வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. ஒரு காது போனால் சத்தம் கேட்கும், ஆனால் திசை இருக்காது.

அப்புறம் இரண்டு விஷயம் சொன்னார். இரண்டும் அவருக்குச் சாதாரணம், எனக்கு அப்படி இல்லை.

ஒன்று: "பொங்கலுக்கு அப்புறம் கொஞ்சம் கேட்டுச்சுங்க. மாசி முடியவும் அதுவும் கொறஞ்சு போச்சு."

இன்னொன்று: படுக்கையில் இடது பக்கம் புரண்டால் உலகமே சுழல்கிறது, அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. அந்தப் பயத்தில்தான் வண்டி ஓட்டுவதையே விட்டிருக்கிறார். இதைக் காதோடு சேர்த்து யாரிடமும் சொல்லவில்லை. தலையில் அடிபட்டதால் வரும் மயக்கம் என்று தானே முடிவு கட்டிக்கொண்டிருக்கிறார்.

கவை

செவிக்குழாயின் பின்மேல் சுவரில் ஒரு சிறு படி தட்டியது. எலும்பு விரிந்து கூடிய இடம். செவிப்பறை முழுசாக மூடியிருந்தது, கிழிந்த இடத்தில் மெல்லிய வெண்தழும்பு மட்டும். முக நரம்பு சரி.

512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி இடது காதுக்குப் பின்னால் மேட்டு எலும்பில் ஊன்றினேன், பிறகு காதுக்கு முன்னால் பிடித்தேன். எங்கே அதிகம்? பின்னால்தான் என்றார். நல்ல காதில் காற்று வழிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்க வேண்டும். இங்கே எலும்பு வழி முந்துகிறது. ஒலியைக் கடத்துகிற பகுதியில் கோளாறு என்று இதற்கு அர்த்தம்.

ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நானும் பயிற்சிக் காலத்தில் விழுந்திருக்கிறேன். இடது காது முற்றிலும் செத்திருந்தாலும் இதே பதில் வரும். காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றிய அதிர்வு கபாலம் வழியாக மறுபக்கத்து நல்ல காதுக்குப் போய்விடும். நோயாளி 'கேட்கிறது' என்பார், எந்தக் காதில் என்று அவருக்கே தெரியாது. ஆகவே இந்தச் சோதனை மட்டும் போதாது. கவையை நெற்றி நடுவில் வைத்து, சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்க வேண்டும். நரம்பு செத்திருந்தால் நல்ல காதுக்குப் போகும். கடத்தலில் கோளாறு என்றால் கெட்ட காதுக்குப் போகும்.

நெற்றியில் வைத்தேன். இடது கையைத் தூக்கினார், உடனே இறக்கிவிட்டார். முகத்தில் ஒரு கூச்சம். "வலது பக்கம்தாங்க" என்றார்.

"முதல்ல இடது கையைத் தூக்குனீங்களே?"

"அந்தக் காதுதான் கேக்காதே. தப்பாச் சொல்றேன் போல."

இப்படிச் சொல்பவர்கள் நிறையப் பேர். கேட்டதைச் சொல்லாமல், கேட்க வேண்டியது என்று தான் நினைப்பதைச் சொல்வார்கள். பரீட்சையில் மார்க் போய்விடுமோ என்ற பயம் மாதிரி. கவையை வைத்துவிட்டு, வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகச் சொன்னேன். முனகினார். கண் பெரிதானது. "ஏங்க, கெட்ட காதுலதான் நல்லாக் கேக்குது!"

படிக்கிறவர்கள் இப்போதே செய்து பார்க்கலாம். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு முனகினால், சத்தம் அடைத்த காதுக்குள் போய் உட்காரும். காற்று வழி அடைபட்ட காது, எலும்பு வழிச் சத்தத்தை உரக்கக் கேட்கும். அதற்கு ஒரு நிபந்தனைதான்: உள்ளே நரம்பு உயிரோடு இருக்க வேண்டும்.

இவருடைய நரம்பு உயிரோடு இருந்தது. ஏழு மாதமாக.

குறைந்த கோடு

ஆடியோகிராமில் ஒரு காதுக்கு இரண்டு கோடு வேண்டும். ஹெட்போன் வைத்துச் சோதித்த காற்று வழிக் கோடு ஒன்று, எலும்பில் அதிர்வுக் கருவி வைத்துச் சோதித்த எலும்பு வழிக் கோடு இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே இறங்கினால் நரம்பு. காற்று வழி மட்டும் இறங்கி, எலும்பு வழி மேலேயே நின்றால் கடத்தல் கோளாறு. பழைய தாளில் இடது காதுக்குக் காற்று வழிக் கோடு மட்டும் இருந்தது. எலும்பு வழிக் கட்டம் காலி. அந்த ஒற்றைக் கோட்டை வைத்து 'நரம்புக் குறைவு' என்று கீழே எழுதியிருந்தார்கள்.

எங்கள் ஆடியாலஜிஸ்ட் மறுபடி எடுத்தார். வலது காதில் இரைச்சல் கொடுத்து அதை வேறு வேலையில் ஈடுபடுத்திவிட்டு இடதைச் சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் வலது காது உதவிக்கு வந்து கணக்கைக் கெடுக்கும். பொறுமையாகச் செய்தால் ஐம்பது நிமிடம் ஆகும். கூட்டம் உள்ள நாளில் இந்த இடத்தைத்தான் தாண்டிப் போகிறார்கள் என்பது என் ஊகம்.

இந்தக் கணக்கில் டெசிபல் எண் கூடக்கூடக் கேள்வி குறைவு. இடது காது, காற்று வழி: 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் 60, 55, 55 டெசிபல். எலும்பு வழி: 10, 15, 20. பேச்சு அலைவரிசையில் சராசரி பார்த்தால் காற்று வழி சுமார் 57, எலும்பு வழி 15. நடுவில் 42 டெசிபல் இடைவெளி. 4000 ஹெர்ட்ஸில் மட்டும் எலும்பு வழியும் 35-க்கு இறங்கியிருந்தது, காற்று வழி 65. அதாவது நரம்புப் பக்கமும் கொஞ்சம் அடி வாங்கியிருக்கிறது, உச்ச ஸ்தாயியில். தலையில் பலத்த அதிர்வு வந்தால் எலும்பே உடையாமல்கூட இப்படி ஆகும். பழைய இடத்தில் சொன்னது முழுப்பொய் இல்லை. ஆறில் ஒரு பங்கு உண்மையை முழு உண்மையாகச் சொல்லிவிட்டார்கள்.

செவிப்பறை மூடியிருக்கிறது, ஆனாலும் 42 டெசிபல் இடைவெளி. ஏன்? நடுக்காதில் நீர் தங்கியிருந்தால் ஆகலாம். அங்கவடி எலும்பு இறுகிப்போனால் ஆகலாம். எலும்புச் சங்கிலி அறுந்தால் ஆகலாம். செவிப்பறையின் அசைவை அளக்கிற சோதனை வழி காட்டியது. நீர் இருந்தால் பறை அசையாது, அங்கவடி இறுகினால் குறைவாக அசையும். இவருக்கு வலது பக்கம் 0.7 மில்லிலிட்டர், இடது பக்கம் 3.1. கட்டை அவிழ்த்துவிட்ட பாய்மரம் மாதிரி பறை தொளதொளவென்று ஆடியது. பின்னால் பிடிப்பு இல்லை.

நடுக்காதில் மூன்று எலும்பு: சுத்தி, பட்டடை, அங்கவடி. சுத்தி செவிப்பறையோடு ஒட்டியிருக்கிறது. அங்கவடி உள்காதின் சாளரத்தில் பொருந்தியிருக்கிறது. அளவு ஓர் எள் இருக்கும். இந்த இரண்டுக்கும் ஆளுக்கொரு தசை பிடிமானம் உண்டு. நடுவில் நிற்கிற பட்டடைக்குத் தசை கிடையாது, மெல்லிய தசைநார்களில் தொங்குகிறது. மூன்றில் கனமானதும் ஏறக்குறைய அதுதான். தலை சாலையில் மோதினால் முதலில் இடம் பெயர்வது நடுவில் நிற்கிற இந்தப் பிள்ளைதான். அதிலும் பட்டடையும் அங்கவடியும் சேரும் மூட்டு எளிதில் விட்டுப்போகும்.

இப்போது அவர் சொன்ன முதல் விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்குப் பின் கொஞ்சம் கேட்டது, மாசியில் குறைந்தது. அடிபட்ட புதிதில் நடுக்காது முழுக்க ரத்தம். அது சில வாரத்தில் வற்றியதும், பறையில் இருந்த ஓட்டை வழியாகச் சத்தம் நேரே உள்காதுச் சாளரத்தில் போய்ப் பட்டிருக்கும். சங்கிலி அறுந்த காதில் அந்த ஓட்டை ஒரு சின்ன உபகாரம். மாசியில் ஓட்டை மூடியது. சங்கிலியும் இல்லை, வழியும் அடைபட்டது. காது ஆறியதால் கேள்வி குறைந்தது. 'ஆறிடுச்சு, ஆனா கேக்கல, அப்ப நரம்புதான்' என்று நினைக்கத் தோன்றுகிற இடம் இதுதான். கதையைக் கேட்டிருந்தால் அது நேர் எதிராகக் கை காட்டியிருக்கும்.

பொட்டெலும்புக்கென்று தனியாக மெல்லிய வெட்டுகளில் சி.டி. எடுத்தோம். மூளை ஸ்கேனின் தடித்த வெட்டில் இந்த எலும்புகள் ஒளிந்துகொள்ளும், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த வெட்டில்தான் அகப்படும். நல்ல காதில் சுத்தியின் தலையும் பட்டடையின் உடலும் சேர்ந்து ஒரு கோன் ஐஸ் மாதிரி தெரியும்: மேலே உருண்டை, கீழே கூம்பு. வலது பக்கப் படத்தில் அது அச்சாக இருந்தது. இடது பக்கம் உருண்டை அதன் இடத்தில், கூம்பு விலகிப் பின்னால் சாய்ந்து கிடந்தது. படத்தை அவரிடம் காட்டினேன். டெக்னிக்கல் பேச்சு எதுவும் தேவைப்படவில்லை. "கோனைத் தட்டிவிட்டாப்ல இருக்கு" என்றார்.

விரிசல் பொட்டெலும்பின் நீளவாக்கில் ஓடியிருந்தது, உள்காதில் ஒலியை உணர்கிற நத்தைக்கூட்டைத் தொடவில்லை. இதுதான் அதிகம் காணப்படுகிற வகை. குறுக்குவாக்கில் ஓடி நத்தைக்கூட்டைப் பிளந்திருந்தால் கதையே வேறு: அடிபட்ட அன்றே காது முழுதாகப் போகும், நாள்கணக்கில் தலை சுற்றும், முகம் கோணும் வாய்ப்பும் அதிகம். அப்படிப்பட்டவருக்கு 'நரம்பு போய்விட்டது' என்பது சரியான வார்த்தை. என் கோபமெல்லாம் அந்த வார்த்தையைச் சோதிக்காமல் சொல்வதன் மீதுதான்.

தலைசுற்றல்

இதை அன்றே முடித்தோம். உட்கார்ந்த நிலையிலிருந்து தலையை இடது பக்கம் திருப்பி வேகமாகப் படுக்க வைத்தேன். சில நொடி கழித்துக் கண்கள் சுழன்று துள்ளின, முப்பது நொடிக்குள் நின்றன. உள்காதில் சமநிலைக்கென்று இருக்கிற சுண்ணத் துகள்கள் அடிபட்டதில் உதிர்ந்து அரைவட்டக் குழலுக்குள் போய்விட்டால் இப்படி வரும். மாத்திரை எதற்கும் கட்டுப்படாது. தலையை வரிசையாக நாலு நிலையில் திருப்பி அந்தத் துகளைப் பழைய இடத்துக்கே உருட்டிவிட வேண்டும், எப்லி முறை. பத்து நிமிட வேலை. மறுவாரம் வந்தபோது புரண்டு படுத்தால் ஒன்றுமில்லை என்றார்.

ஏழு மாதம் இவரைக் கடைக்கு வண்டியில் போகவிடாமல் வைத்திருந்தது கேள்விக்குறைவு இல்லை, இதுதான்.

மச்சானின் கேள்வி

எல்லாம் சொல்லி முடித்ததும் மச்சான் கேட்டார்: "இப்ப ஆபரேஷன் பண்ணி நல்லாயிட்டா கேஸ்ல என்னம்மா ஆகும்? தீர்ப்பு வரட்டுமே. அப்புறம் பண்ணிக்கிட்டா?"

கெட்ட எண்ணத்தில் கேட்ட கேள்வி இல்லை. ஏழு மாதமாகக் கடையில் பாதி வருமானம், வட்டிக்கு வாங்கிய பணம். நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அறுந்த சங்கிலி காத்திருக்கும்; ஒரு வருடம் தள்ளினாலும் நரம்பு அதனால் கெடாது, அறுவையின் பலனும் பெரிதாகக் குறையாது. அவசரம் என்று பொய் சொல்லி ஒத்துக்கொள்ள வைக்க எனக்கு மனசில்லை.

சட்டப் பக்கம் தெரிந்ததைச் சொன்னேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கேள்விக் குறைபாட்டை இரண்டு காதிலும் அளக்கிறது: பேச்சு அலைவரிசையில் இரு காதிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு என்றால் கேள்விக்குறைவு, இரு காதிலும் 70 என்றால் காது கேளாதவர். ஒரு காது சரியாக இருக்கிற இவர் அந்த அட்டைக்குள் வரமாட்டார். விபத்து இழப்பீடு வேறு கணக்கு. அங்கே காயம், சிகிச்சைச் செலவு, தொழிலில் பட்ட நஷ்டம் எல்லாம் பேசப்படும். 'முழுக் காது போனது, நரம்பு செத்தது' என்று மட்டும் நான் எழுதித் தரமாட்டேன், ஏனென்றால் அது நடக்கவில்லை. நடந்ததை அப்படியே எழுதித் தருவேன்: எலும்பு விலகியது, இவ்வளவு டெசிபல், இந்தத் தேதியில்.

முன்னால் உள்ள வழிகளையும் சொன்னேன். காது மெஷின் வைக்கலாம். இப்படிப்பட்ட கடத்தல் கோளாறுக்கு அது நன்றாகவே வேலை செய்யும், கத்தி வேண்டாம். அறுவை செய்யலாம், காது முன்போல ஆகும் என்று சொல்ல முடியாது, இடைவெளி 20 டெசிபலுக்குள் வந்தால் நல்ல பலன் என்று எங்கள் துறையில் கணக்கு. அரிதாக நரம்புக் கேள்வி குறையலாம், நாக்கின் ஒரு பக்கம் கொஞ்ச நாள் ருசி மாறலாம், வைத்த எலும்பு பின்னால் நகரலாம். ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம்.

மச்சான் யோசித்துக்கொண்டிருக்கும்போது இவர் சொன்னார்: "ஆவணியில வரிசையா முகூர்த்தம் இருக்கு மச்சான். நாலு சிட்டை தப்பாப் போட்டா கேஸ் காசு வர்றதுக்குள்ள கடை போயிரும்."

மெஷின் வேண்டாம் என்றார். பூச்சாக்கு தோளில் ஏறி இறங்கும்போது எங்கே விழுந்ததென்று தேட முடியாதாம்.

மேசையில்

ஆடி மாதம் அறுவை. மரத்துப்போக ஊசி போட்டு, லேசான மயக்கத்தில், விழித்த நிலையிலேயே. காதுக் குழாய் வழியாகப் போய்ச் செவிப்பறையைப் பக்கம் பிரித்துப் பார்த்தேன். பட்டடை சுத்தியை விட்டுக் கழன்று, திரும்பிப் பின்பக்கம் விழுந்திருந்தது. அதன் நீளக் கால் முனைக்கும் அங்கவடியின் தலைக்கும் நடுவில் ஒரு வெண்நார் மட்டும், எண்ணெய் வற்றிய திரி மாதிரி. அங்கவடி முழுசாக இருந்தது. ஊசி முனையால் மெல்லத் தொட்டேன், அசைந்தது. நல்ல காதுதான் இது, நடுவில் ஆள் இல்லை.

டைட்டானியத்தில் செய்த மாற்று எலும்பு கிடைக்கிறது. எனக்கு, நோயாளியின் எலும்பே நல்ல நிலையில் இருந்தால் அதைத்தான் பிடிக்கும். உடம்பு வெளியே தள்ளாது, காசும் கிடையாது. பட்டடையை வெளியே எடுத்தேன். விரல் நுனியில் வைத்தால் ஓர் அரிசிமணி போல. சிறு வைர உருளையால் ஒரு பக்கம் குழி செய்தேன், அங்கவடித் தலை உட்காருகிற மாதிரி. மறுபக்கம் ஒரு பள்ளம், சுத்தியின் காம்புக்கு. இந்தச் செதுக்கல்தான் நேரம் எடுக்கும். இடுக்கி அழுத்தினால் எலும்பு தெறித்து எங்காவது போய்விடும். ஒருமுறை அப்படித் தரையில் தேடிய அனுபவம் உண்டு, அன்றிலிருந்து செதுக்கும்போது கீழே ஈரத்துணி விரிக்காமல் இருப்பதில்லை.

வைத்தேன். முதல் தடவை சாய்ந்தது. இரண்டாம் தடவை நின்றது. காம்பைத் தொட்டால் அங்கவடி அசைந்தது. சுற்றிலும் கரையும் பஞ்சுத் துண்டுகளை அண்டக் கொடுத்து, பறையை மடித்து மூடிய நேரத்தில் இவர் வாய் திறந்தார்.

"ஏதோ தட்டுல வைக்கிறீங்க."

நர்ஸ் இடுக்கியை எஃகுத் தட்டில் வைத்த சத்தம். இடது பக்கத்திலிருந்து.

இதில் நான் ரொம்ப மகிழ்ந்துவிடுவதில்லை. மேசையில் கேட்பதும் மூன்று மாதம் கழித்துக் கேட்பதும் ஒன்றல்ல. குழாயில் பஞ்சு வைத்ததும் மறுபடி அடைத்துக்கொண்டது, அதை முன்பே சொல்லியிருந்தேன். ஒரு மாதம் சாக்கு தூக்கக் கூடாது, மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது, காதில் தண்ணீர் படக்கூடாது. எண்ணெய் பற்றி அம்மாவிடம் தனியாகப் பேசினேன். "இனிமே கிண்ணத்தையே எடுக்க மாட்டேன் தாயி" என்றார்.

பிறகு

பத்தாம் நாள் பஞ்சு எடுத்தோம். மூன்றாம் மாத ஆடியோகிராமில் இடது காற்று வழி 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் 30, 25, 30. சராசரி 28, எலும்பு வழியோடு இடைவெளி 13. உச்ச ஸ்தாயி அந்த அளவுக்குத் தேறவில்லை: 4000-இல் 65 இருந்தது 50 ஆனது, 8000-இல் பழைய 75 அப்படியே. அந்த நரம்புப் பங்கு திரும்பாது. காதுக்குள் சில்வண்டு இரைச்சல் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. இரவில் மின்விசிறி ஓடினால் தெரிவதில்லை என்கிறார். மார்க்கெட் இரைச்சலில் இன்னும் சில நேரம் எழுநூறும் எண்ணூறும் குழம்புகின்றன. இப்போது விலையைத் திருப்பிச் சொல்லி, ஆமாம் என்ற பிறகே எழுதுகிறார். போன் பழையபடி இடது தோளில்.

இந்த நிகழ்வில் நான் மாற்றிக்கொண்ட ஒன்று உண்டு. எங்கள் பக்கத்துத் தலைக்காயப் பிரிவுகளில் வேலை செய்கிற இளம் மருத்துவர்கள் கேட்டால், டிஸ்சார்ஜ் அட்டையில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்: காதில் ரத்தம் வந்திருந்தாலோ, கேட்கவில்லை என்று சொன்னாலோ, ஆறு வாரத்தில் காற்று வழி, எலும்பு வழி இரண்டும் சேர்த்துக் கேள்விச் சோதனை, அதுவரை காதில் எதுவும் விடக்கூடாது. ஆறு வாரம் என்பது ரத்தம் வற்றுவதற்கு. அதற்கு முன்னால் பார்த்தால் எல்லாக் காதும் கேட்காத காது மாதிரியே தெரியும்.

கேஸ் நடந்துகொண்டிருக்கிறது. அறுவைக்கு முன் எடுத்த தாள், பின் எடுத்த தாள், இரண்டும் வக்கீலிடம் இருக்கின்றன.

தை மாதம் கடைசியாக வந்தபோது கையில் ஹெல்மெட் இருந்தது, காது வரை மூடுகிற வகை. உட்கார்ந்ததும் அதைத்தான் கேட்டார்: "இதைப் போட்டா இடது காதுல கொஞ்சம் கம்மியாக் கேக்குதுங்க. ஏதும் எடம் மாறிப்போச்சோ?"

வலது காதில் எப்படி என்று கேட்டேன். போட்டுப் பார்த்தார். கழற்றினார்.

"அங்கிட்டும் அப்படித்தேன் இருக்கு."